கைமாத்துப் பால்

அளவுக்காரி என்ற பெயரை அவளுக்கு வைத்தது பால் சொசைட்டி செக்ரட்டரி. வைத்த நாளில் அது வசவு. மெஷின் கால் லிட்டர் குறைத்துக் காட்டுகிறது என்று சண்டை பிடித்து, வீட்டுக்குப் போய்ச் சொந்த அளவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, அறுபது பேர் நின்ற வரிசையை அப்படியே நிறுத்திவைத்து, தன் கேனில் இருந்த பாலை லிட்டர் லிட்டராக அளந்து காட்டினாள். தப்பு மெஷின் மேல்தான். ஆனால் அவள் அளந்து முடிப்பதற்குள் பின்னால் நின்ற ரெண்டு பேருடைய பால் திரிந்துவிட்டது என்று சொல்கிறார்கள். திரிந்ததோ, அது நேற்றைய பாலோ, யார் கண்டது? பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கப்புறம் அவள் கேனைப் பார்த்தாலே செக்ரட்டரி அளவு ஜாடியை ரெண்டு தரம் கவிழ்த்து உதறுவார்.

அவளிடம் ரெண்டு மாடு. ஒன்று நிறைசினையாகி, கறவை வற்றிப்போய், சும்மா தின்றுகொண்டு நிற்கிறது. இன்னொன்று செவலை. காலையில் ஆறு லிட்டர், சாயங்காலம் நாலு. வீடு நடப்பது செவலையின் நாலு காம்பில். புருஷன் ஊருக்கு வெளியே ஒரு குடோனில் வாட்ச்மேன். அந்தச் சம்பளம் அவருடைய பீடிக்கும் டீக்கும் பஸ்ஸுக்கும் சரியாக இருக்கும் என்று அவள் சொல்வாள். ரெண்டு மாட்டையும் வாங்கியது பேங்க் லோனில். தவணையை சொசைட்டியே பால் பணத்தில் பிடித்துக் கட்டிவிடும். தீவன மூட்டையும் சொசைட்டியில் கார்டைக் காட்டினால் கடனாகக் கிடைக்கும். கார்டு போனால் பேங்க் மொத்தத்தையும் ஒரே தடவையில் கேட்கும். அப்புறம் மாடு எங்கே நிற்கும், தொழுவத்தில் துணிதான் காயப்போட வேண்டும். அவள் கார்டு நம்பர் நாற்பத்தேழு. அட்டை கிழிந்துவிடக் கூடாதென்று பிளாஸ்டிக் உறை போட்டு, கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். தலை வாரும்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள்.

அந்த மாசம் சொசைட்டிச் சுவரில் ரெண்டு நோட்டீஸ் ஒட்டினார்கள். பச்சைத் தாளில் இருந்தது: ஊசி போட்ட மாட்டின் பாலை, கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து நாலு நாள் முடியும்வரை ஊற்றக் கூடாது, மீறி ஊற்றி, மருந்து கலந்த பால் பிடிபட்டால் கார்டு ரத்து. வெள்ளைத் தாளில் இருந்தது: தொடர்ந்து மூணு நாள் பால் ஊற்றாத உறுப்பினரின் கார்டு தானாகவே ரத்து. ரெண்டும் மேலிடத்தில் ரெண்டு வேறு அறையிலிருந்து வந்தவை. ரெண்டிலும் கையெழுத்து கிறுக்கலாக இருந்தது. ரெண்டையும் ஒரே பசையில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியவர் செக்ரட்டரி.

ஒட்டி ஒன்பதாம் நாள் செவலைக்கு மடி வீங்கியது.

விடிகாலையில் மடியைக் கழுவக் கை வைத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பின்பக்க இடது காம்பு சூடாக, கல்லுப் போல இருந்தது. மாடு காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. முதல் ரெண்டு பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தாள். தயிர் உடைந்த மாதிரி திப்பி திப்பியாக விழுந்தது. துணியை மடித்து, திரும்ப விரித்து, வெளிச்சத்தில் இன்னொரு தரம் பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தால் மாறிவிடுமா?

ஊசி போடுகிறவர் எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். பாதி டாக்டர், பாதி கம்பவுண்டர், பேச்சில் முழு மந்திரி. மடியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பையைத் திறந்தார்.

"மூணு நாள் ஊசி போடணும்மா. அதுக்கப்புறம் நாலு நாள் பால் ஊத்தக் கூடாது. ஆக ஏழு நாள்."

"ஏழு நாளா? மூணு நாள் ஊத்தலைன்னா கார்டு போயிடுமே, சார்."

"அது பால் டிபார்ட்மென்ட். நான் மாடு டிபார்ட்மென்ட்."

"பாலு மாட்டுக்கிட்டேருந்துதானே சார் வருது?"

"வரும்போது என் டிபார்ட்மென்ட். வந்துட்டா அவங்க டிபார்ட்மென்ட்." ஊசியைக் குத்தி எடுத்தார். "ரெஜிஸ்டர்ல எழுதிடறேன். எழுதாம விட்டா என் வேலை போயிடும். சோப்பு இருக்கா, கை கழுவ?"

அவள் சோப்பும் தண்ணீரும் கொடுத்தாள். டீயும் கொடுத்தாள். டீயில் பால் இல்லை.

நேராக சொசைட்டிக்குப் போனாள். காலைக் கூட்டம் கலைந்து, செக்ரட்டரி மட்டும் காலி கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தார்.

"அந்த ரெண்டு தாளையும் படிச்சீங்களா?"

"ஒட்டினதே நான்தானேம்மா."

"ஒட்டறதுக்குப் பசை போதும். படிச்சீங்களான்னு கேட்டேன்."

செக்ரட்டரி ரொட்டியை வைத்துவிட்டு எழுந்துபோய் முதலில் பச்சையைப் படித்தார், அப்புறம் வெள்ளையை. அப்புறம் திரும்பவும் பச்சை. கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"இடிக்குது."

"நல்லா இடிக்குது. என் தலையிலதான் இடிக்குது. ஒரு நாலு வரி மேலே எழுதிப் போடுங்க, மாட்டுக்கு உடம்பு சரியில்ல, ஒரு வாரம் விட்டுக் குடுங்கன்னு."

"எழுதிப் போட்டா பதில் வர மூணு மாசம். கம்ப்யூட்டர் மூணு நாள்ல அடிச்சுடும்மா, அதுக்கு மூஞ்சியே கிடையாதே, யாரைப் பார்த்துக் கெஞ்சுவே?" குரலை இறக்கினார். அந்த அறையில் கேன்களைத் தவிர யாரும் இல்லை. "மூணாவது நாள் ஒரு ரெண்டு லிட்டர் ஊத்து. ஆறாவது நாள் ஒரு ரெண்டு லிட்டர் ஊத்து. கார்டு மூச்சு விட்டுக்கிட்டு இருக்கும்."

"எதை ஊத்தறது? தண்ணியையா?"

"என் வாயால சொல்ல வைக்காதே. உங்க தெருவுல நீங்க பண்றதுதானே? எனக்குத் தெரியாதுன்னா நினைச்சுக்கிட்டிருக்கே?"

அவர் சொன்னது கைமாத்துப் பாலை. சர்க்கரை, உப்பு, தீப்பெட்டி கைமாத்து வாங்குவது எங்கும் உண்டு. இந்தத் தெருவில் பாலையும் வாங்குவார்கள். ஒருத்தி மாடு ஒருநாள் கறக்க விடாது, ஒருத்தி கேன் உருண்டு கவிழும், ஒருத்தி வீட்டில் விருந்தாளி வந்து குடித்துவிட்டுப் போய்விடுவான். அன்றைக்குப் பக்கத்து வீட்டில் ரெண்டு லிட்டர் வாங்கித் தன் நம்பரில் ஊற்றிவிட்டு, வாரத்துக்குள் திருப்பித் தருவாள். காலைப் பாலுக்குக் காலைப் பால், சாயங்காலப் பாலுக்குச் சாயங்காலப் பால். காசாகத் தரக் கூடாது. கொடுக்கிறவள் ஏன் என்று கேட்கக் கூடாது, வாங்குகிறவள் முகர்ந்து பார்க்கக் கூடாது. கேட்டு வந்தவளுக்கு இல்லை என்று சொன்ன வீடு இதுவரை இல்லை. அடுத்தவர் பாலைத் தன் கார்டில் ஊற்றுவது குற்றம் என்று கார்டின் பின்பக்கமே அச்சடித்திருக்கிறது. தெருவில் யார் கார்டைத் திருப்பிப் பார்த்தார்கள்?

அளவுக்காரி அதுவரை கைமாத்து கொடுத்திருக்கிறாளே தவிர வாங்கியது கிடையாது. அது அவளுக்கு ஒரு பெருமை. மத்தியானம், தூங்கி எழுந்த வாட்ச்மேனிடம் சொன்னாள். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கூட்டத்தைக் கழிக்கப் பார்க்கறாங்க. அதான் இந்த மூணு நாள் சட்டம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் ராத்திரி பூரா காவல் காக்கறது எதைன்னு நினைச்சே? பால் பவுடர்டி. விக்கல. மூட்டை மூட்டையா வாசப்படி வரைக்கும் அடுக்கிட்டான். என் நாற்காலியை வெளியில தூக்கிப் போட்டுட்டு அந்த இடத்துல நாலு மூட்டை. வெளிநாட்டுப் பவுடர் இதைவிட மலிவா வந்து இறங்குதாம். இருக்கற பாலையே என்ன பண்றதுன்னு தெரியாதவன், ஊத்தறவங்களை எப்படிக் குறைக்கலாம்னு பார்க்கறான்."

"அப்ப நான் கறக்கற பாலுக்கு நீங்க காவலா?"

"ஆமா. யாரும் திருட வர மாட்டேங்கறான், அதான் வருத்தம்."

அவள் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அது ஒரு தடவைதான்.

கைமாத்து கேட்க அவள் போனது மாடிவீட்டு அக்காவிடம். மாடிவீடு என்றால் மாடி இருக்கிறது என்று எண்ணிவிட வேண்டாம். படிக்கட்டு இருக்கிறது, மேலே கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது, துணி காய்கிறது. பதினொரு வருஷமாக "அடுத்த வருஷம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள் அக்கா. அவளுக்கும் ரெண்டு மாடு, ரெண்டும் கறவையில். மகன் வெளியூரில் வேலை, வீட்டில் மருமகள். மருமகள் வந்து எட்டு மாசம். அக்கா அவளுக்கு வேலை எல்லாவற்றையும் கற்றுக்கொடுப்பாள், விஷயம் எதையும் சொல்ல மாட்டாள். பெட்டிச் சாவி, சீட்டுப் பணம், தன் வயசு, எதுவும் மருமகளுக்குத் தெரியாது. "சொன்னா அவ அம்மாகிட்ட சொல்லுவா, அவ அம்மா ஊருக்கே சொல்லுவா" என்பாள். அதையும் ஊருக்கே சொல்லுவாள்.

மூணாவது நாள் விடிகாலையில் அளவுக்காரி தூக்கைத் தூக்கிக்கொண்டு அங்கே போனபோது அக்கா முதல் மாட்டைக் கறந்து, பாலை சொசைட்டிக் கேனில் ஊற்றி, மூடியை அடித்து இறுக்கியிருந்தாள். மருமகள் ரெண்டாவது மாட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

"அடியே, நீயா! கைமாத்தா? செவலைக்கு என்ன..." என்று ஆரம்பித்துவிட்டு அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "கேக்கக் கூடாது. கேக்கல. இரு, கடைசிக் கறவையில தரச் சொல்றேன். மூடின கேனைத் திறந்தா பாலு பறந்துடும்."

அது அக்கா வீட்டு வழக்கம். முதல் கறவை சொசைட்டிக் கேனுக்கு. கடைசிக் கறவையில்தான் வீட்டுக்கு, டீக்கு, கைமாத்துக்கு எல்லாம். மருமகளுக்கு வந்த முதல் வாரமே கற்றுக்கொடுத்தது. மருமகள் கறந்த பாத்திரத்திலிருந்து ரெண்டு லிட்டர் அளந்து தூக்கில் ஊற்றினாள். அளவுக்காரி அதை நாற்பத்தேழில் ஊற்றினாள். மெஷின் ஒன்றும் சொல்லவில்லை. செக்ரட்டரி ஜாடியை ஒரு தரம்கூட உதறவில்லை, தலையைக் குனிந்துகொண்டே எழுதினார்.

செவலையின் பாலை அவள் தினம் ரெண்டு வேளையும் கறந்து சாக்கடையில் கொட்டினாள். கறக்காமல் விட்டால் மடி வெடிக்கும். கன்றுக்குக்கூடக் கொடுக்கவில்லை. எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பூனைக்காவது வைக்கலாம்ல?" என்றாள். "பூனை சொசைட்டியில ஊத்திட்டா?" என்றாள் அளவுக்காரி. வெள்ளையாக நுரைத்துக்கொண்டு சாக்கடையில் போகிற பாலை அவள் பார்க்க மாட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டுவாள். சத்தம் மட்டும் காதில் விழும்.

ஆறாவது நாள் திரும்பவும் போனாள். அன்றைக்கு அக்கா முன்னாலேயே கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டி வரிசைக்குப் போய்விட்டாள். மருமகள்தான் இருந்தாள். கறந்து முடித்த கடைசிப் பாத்திரம் சுவரோரம் ஈரத்துணி போட்டு மூடியிருந்தது. கேட்பதற்கு முன்னாலேயே மருமகள் அளந்து ஊற்றினாள்.

"வெளிறிப்போய் இருக்கீங்க அக்கா. தூங்கலையா?"

"இன்னியோட முடிஞ்சுதும்மா. நாளை ஒரு நாள் போயிட்டா செவலை பாலே ஊத்திடலாம். மொத்தமா நாலு லிட்டர் திருப்பித் தந்துடறேன்னு உங்க அத்தைகிட்ட சொல்லு."

நாற்பத்தேழில் ரெண்டு லிட்டர் ஏறியது. அவள் வீட்டுக்கு வந்து, ஒரு வாரத்துக்கப்புறம் முதல் தடவையாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு செக்ரட்டரி சைக்கிளில் வந்தார். அவர் வீடு தேடி வந்தால் நல்ல சேதி இருக்காது. வாசலிலேயே நின்றார், செருப்பைக் கழற்றவில்லை.

"டேங்கர் பால்ல மருந்து காட்டிடுச்சு. அஞ்சு சொசைட்டி பாலு, டேங்கர் பூராவும் கொட்டிட்டாங்க. அப்புறம் ஒவ்வொருத்தர் சாம்பிள் பாட்டிலா எடுத்து, மருந்து காட்டற சோதனைப் பட்டையை முக்கிப் பார்த்திருக்காங்க." தொண்டையைக் கனைத்தார். "நாற்பத்தேழு."

"எது?"

"நாற்பத்தேழும்மா. நாளைக்குக் காலையில ஆபீஸரம்மா வராங்க."

அவளுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. செவலைப் பால் ஒரு சொட்டு போகவில்லையே. கேன்? கேனை வெந்நீர் விட்டுக் கழுவினாள். தூக்கு? தூக்கு மாடிவீட்டுக்கு மட்டும்தான் போய் வந்தது. அந்த இடத்தில் அவள் மனசு நின்றது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். போகிற வழியில் ரெண்டு பேர் என்ன சேதி என்று கேட்டார்கள். பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் போவதே பெரிய சேதியாகிவிட்டது.

மாடிவீட்டில் அக்கா தொழுவத்தில் குனிந்து, ரெண்டாவது மாட்டின் மடியை வெந்நீர்த் துணியால் ஒத்திக்கொண்டிருந்தாள். அளவுக்காரியைப் பார்த்ததும் துணியைப் பின்னால் மறைத்தாள். மாட்டை மறைக்க முடியுமா?

"இதுக்கும் மடியாக்கா?"

"மெதுவாப் பேசுடி!"

"எப்பலேருந்து?"

"நேத்து சாயங்காலம். மெடிக்கல் கடையில மருந்து ட்யூப் வாங்கிட்டு வந்து நானே காம்புல ஏத்தினேன். ஊசிக்காரரைக் கூப்பிட்டா ரெஜிஸ்டர்ல ஏத்திடுவாரு. இந்த மாட்டுக்கு ஏற்கெனவே ஒரு தரம் ஏறியிருக்கு, ரெண்டாவது தரம் ஏறினா இந்த வீட்டுக்கு அடுத்த லோன் கிடையாதாம். ஆனா ஒரு சொட்டு ஊத்தலடி, சத்தியமா! நோய் மாட்டைக் கடைசியில கறக்கணும், அந்தக் கையோட நல்ல மாட்டைத் தொடக் கூடாதுன்னு அன்னிக்கு சொசைட்டி மீட்டிங்ல சொன்னாங்கல்ல? அதே மாதிரி கடைசியில கறந்து, தனியா வச்சு, கொட்டறதுக்கு..."

அவள் வாய் அப்படியே நின்றது. ரெண்டு பேரும் சேர்ந்து திரும்பி மருமகளைப் பார்த்தார்கள்.

மருமகள் சாணிக் கூடையோடு நின்றிருந்தாள்.

"நீங்கதானே அத்தை சொன்னீங்க, கைமாத்துக்கு எப்பவும் கடைசிக் கறவையிலதான் குடுக்கணும்னு."

"அது கொட்டற பாலுடி!"

"அதை நீங்க சொல்லலையே. மாட்டுக்கு உடம்பு சரியில்லன்னே சொல்லல. வெயிலுக்கு மடி கனக்குதுன்னுதான் சொன்னீங்க."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு அடி தனக்கு, ஒரு அடி யாருக்கென்று தெரியவில்லை. அளவுக்காரி சாணி மெழுகிய தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபம் வரட்டும் என்று காத்திருந்தாள். யார் மேல் வருவது? மருமகள் சொன்னபடி செய்தாள். அக்கா மீட்டிங்கில் சொன்னபடி செய்தாள். தானோ, ஒரு வாரமாகக் கறந்த பாலை எல்லாம் சாக்கடையில் கொட்டிவிட்டு, பிச்சை எடுத்த ரெண்டு லிட்டரில் மாட்டிக்கொண்டாள்.

"என் பேரை இழுத்துடாதடி," என்றாள் அக்கா. காலைப் பிடிக்கிற குரல். "உன் காலைப் பிடிக்கறேன்."

"பிடிக்காதீங்கக்கா. கையில மருந்து."

மறுநாள் காலை சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு ஒருத்தரும் வீட்டுக்குப் போகவில்லை. முந்தின நாள் பாலுக்கு யாருக்கும் பணம் கிடையாது என்று தெரிந்துபோயிருந்தது. அறுபது வீட்டுப் பால். "சொந்த வீட்டுக் கேனை மட்டும் ஊர் கூட்டி அளந்து காட்டுவா," என்றாள் ஒருத்தி, அவள் காதில் விழ வேண்டும் என்றே. போன மாசம் இவளிடம் மூணு லிட்டர் கைமாத்து வாங்கினவள்தான்.

ஆபீஸரம்மா சின்ன வயசு. ஜீப்பில் வந்த தூசியைக் கண்ணாடியிலிருந்து துடைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

"உட்காருங்கம்மா. உங்க மாட்டுக்கு ஊசி போட்டது ரெஜிஸ்டர்ல இருக்கு. உங்க நம்பர் சாம்பிள்ல மருந்து இருக்கு. நீங்க ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம்."

"மேடம், நோட்டீஸ் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடிக்குது. ஏழு நாள் ஊத்தாதேன்னா மூணு நாள்ல கார்டு போகுது."

ஆபீஸரம்மா எழுந்து போய்ச் சுவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகமே கொஞ்சம் மாறியிருந்தது.

"நீங்க சொல்றது நியாயம். நான் மேலே எழுதறேன். ஆனா அதை மாத்தறது என் கையில இல்லைம்மா. இது மட்டும்தான் என் கையில." மேஜைமேல் இருந்த தாளைத் தொட்டாள்.

"அது என் மாட்டுப் பால் இல்ல மேடம்."

வெளியே கேன் மூடி உருட்டுகிற சத்தம்கூட நின்றது.

"அப்போ யாரோட பால்?" என்றாள் ஆபீஸரம்மா. "யோசிச்சு சொல்லுங்க. வேறொருத்தர் பாலை உங்க கார்டுல ஊத்தியிருந்தீங்கன்னா, குடுத்தவங்க கார்டும் ரத்து, உங்க கார்டும் ரத்து. அப்புறம் வேற யார் யார் அப்படி ஊத்தறாங்கன்னு வீடு வீடா நான் விசாரிச்சே ஆகணும்."

செக்ரட்டரி அவசரமாக ரெஜிஸ்டரைப் புரட்டினார், தேட ஒன்றும் இல்லாமலே. ஜன்னலுக்கு வெளியே அறுபது முகம். அதில் கைமாத்து வாங்காத முகம் எது என்று தேடினாள் அளவுக்காரி. ஒன்றுகூட இல்லை. மாடிவீட்டு அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கண்ணைத் தாழ்த்தவும் இல்லை, பேசவும் இல்லை. சொன்னால் தன் கார்டு பிழைக்கும் என்றால் அளவுக்காரி சொல்லியிருப்பாள். அவள் அப்படி ஒன்றும் மகாத்மா இல்லை. சொன்னாலும் போகிறது, சொல்லாவிட்டாலும் போகிறது.

"என் மாட்டுப் பால்தான்," என்றாள்.

"இப்பதானே இல்லைன்னீங்க?"

"பயத்துல சொல்லிட்டேன்."

கையெழுத்துப் போட்டாள். பிளாஸ்டிக் உறையோடு கார்டைக் கொடுத்தாள். ஆபீஸரம்மா கார்டை மட்டும் உருவிக்கொண்டு உறையைத் திருப்பித் தந்தாள்.

"மறுபடி சேர மனு போடலாம்மா. புதுசா உறுப்பினர் சேர்க்கறதை இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்காங்க. திறந்ததும் போடுங்க."

"எப்ப திறப்பாங்க?"

"தெரியலம்மா," என்றாள் ஆபீஸரம்மா. பொய் சொல்லத் தெரியாத பெண்.

அன்றைக்கு சாயங்காலம் மாடிவீட்டு அக்கா கொல்லைப்பக்கமாக வந்தாள். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்திருந்தால் அளவுக்காரி விளக்குமாற்றை எடுத்திருப்பாள்.

"செவலை பாலு நாளையிலேருந்து நல்ல பாலுதானே? என் கார்டுல ஊத்தறேன்டி. பணத்தை அப்படியே உன் கையில தரேன். என் மாடு ஒண்ணு இப்ப கொட்டற பாலுதானே, அந்த இடம் காலியாத்தான் இருக்கு."

"உங்க மாடு சரியானா?"

அக்கா விரல் விட்டு எண்ணினாள். "ஒரு கார்டுக்கு வேளைக்குப் பன்னிரண்டு லிட்டருக்கு மேல மெஷின் வாங்காது. என் ரெண்டு மாடும் சேர்ந்தா பன்னிரண்டு ஆயிடும்." அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள், "ஆனா இன்னும் ட்யூப் ஏத்திக்கிட்டுத்தான் இருக்கேன். நாலஞ்சு நாள் ஆகும். அதுக்குள்ள ஏதாவது வழி கிடைக்காதா?"

வழி தேடி வாட்ச்மேன் போனார். டீக்கடைக்குப் போனார், அவர்கள் பாக்கெட் பால் வாங்குகிறார்கள். தனியார் வேன்காரனிடம் போனார். அவன் பாதி விலை சொன்னான், அதுவும் அவனுக்குத் தோன்றிய நாளில் வருவானாம். பேங்கிலிருந்து ஒரு கடுதாசி மட்டும் தேடாமலே வந்தது.

மறுநாளிலிருந்து விடிகாலையில் அவள் செவலையைக் கறந்து, கேனோடு மாடிவீட்டுக்குப் போனாள். போனதும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்.

"மாட்டுக்கு எப்படிக்கா இருக்கு?"

"இன்னும் கல்லாட்டம்தான் இருக்குடி."

"ஐயோ பாவம்," என்பாள் அளவுக்காரி. சொல்லும்போது நெஞ்சில் அடைத்திருந்தது கொஞ்சம் இறங்கும். இறங்கியது தெரிந்ததும் அவள் மாட்டின் முகத்தைப் பார்க்காமல் கேனைப் பார்ப்பாள். ரெண்டாவது நாளும் கேட்டாள், மூணாவது நாளும் கேட்டாள். மாட்டுக்காக இவ்வளவு கவலைப்படுகிறாளே என்று மருமகள் நினைத்துக்கொண்டாள். சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்?

ஆறாவது நாள் அவள் போனபோது அக்கா மாட்டுக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். வெந்நீர்த் துணி கையில் இல்லை. மாடு காலைத் தூக்கி வைக்காமல் அமைதியாக அசைபோட்டது. ட்யூப் ஏற்றுவதை நிறுத்தி நாலு நாள் முடிந்திருந்தது. ரெண்டு பேருக்கும் கணக்குத் தெரியும்.

"எப்படிக்கா இருக்கு?"

"எனக்குச் சரியாத் தெரியல," என்றாள் அக்கா. முப்பது வருஷமாக மாடு கறக்கிறவள். "உன் கைதான் சுத்தமான கை. நீயே தொட்டுப் பார்த்துச் சொல்லு."

அளவுக்காரி கேனைக் கீழே வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு குனிந்து, மடிக்கு அடியில் கை கொடுத்தாள். பின்பக்கக் காம்பு. சூடு இல்லை. பஞ்சு மாதிரி குழைந்தது. விரலை நகர்த்தி மறுபடி அழுத்தினாள். பால் கையோடு வந்தது, திப்பி இல்லை, கம்பி மாதிரி நேராக விழுந்தது. கேனில் செவலையின் ஆறு லிட்டர் இருந்தது. மூடியின் ஓரத்தில் நுரை கசிந்திருந்தது.

"என்னடி?"

அவள் நிமிரவில்லை.

"இன்னும் கொஞ்சம் கெட்டியாத்தான்கா இருக்கு."

அக்கா தொட்டுப் பார்க்கவில்லை. "நானும் அப்படித்தான் நினைச்சேன்," என்றாள். மருமகளைப் பார்த்து, "இதைக் கறந்து கொட்டிட்டு, அவ கேனை சொசைட்டிக்கு எடுத்துட்டுப் போ," என்றாள்.

மருமகள் உட்கார்ந்து கறந்தாள். பாத்திரம் நிறைய, வெள்ளையாக. தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையோரம் நின்று, சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை, நல்லாத்தானே இருக்கு?"

அக்கா மாட்டுக்கு வைக்கோலை இழுத்துப் போட்டாள். மருமகள் கொட்டினாள். அளவுக்காரி இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள்.